இசட்/விஎம்: புதிய லினக்ஸ் கெஸ்ட் மட்டும் நெட்வொர்க்கை எட்டவில்லை, அதே விஸ்விட்சில் மற்ற ஆறும் ஓடுகின்றன

குளோன்07 (கேள்வி)

வணக்கம். இசட்15 மெயின்பிரேம், ஒரு எல்பாரில் (மெயின்பிரேமின் ஒரு பிரிவில்) இசட்/விஎம் 7.3, அதாவது பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். புரொட்1 என்ற விஸ்விட்சில் (மென்பொருளால் ஆன நெட்வொர்க் ஸ்விட்ச்) ஆறு ரெட் ஹேட் 8 கெஸ்ட்கள் (விர்ச்சுவல் மெஷின்கள்) ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏழாவதாக லின்07 சேர்க்க வேண்டும். லின்03-இன் டிஸ்கை அப்படியே நகல் எடுத்து, ஹோஸ்ட்பெயரையும் ஐபியையும் மட்டும் மாற்றி ஏற்றினேன்.

இசட்/விஎம் டைரக்டரியில் (கெஸ்ட்களின் விவரப் பதிவு) லின்07-இன் நிக்குக்கு (விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு) இருக்கும் வரி:

நிக்டெஃப் 0600 டைப் க்யூடியோ லேன் சிஸ்டம் புரொட்1

விஸ்விட்சுக்கு அனுமதி கொடுத்தது:

செட் விஸ்விட்ச் புரொட்1 கிராண்ட் லின்07

பூட் ஆனதும் ஈஎன்சி600 என்ற நெட்வொர்க் இடைமுகம் கண்ணில் படுகிறது, ஆனால் ஐபி ஏறவில்லை. நெட்வொர்க் மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளை வழியாகத் தூக்கினால் 'கனெக்ஷன் ஆக்டிவேஷன் ஃபெயில்ட்' என்கிறது. சரி என்று கையாலேயே 10.20.30.47/24 போட்டு லிங்க்கை அப் செய்தேன். இப்போது நிக்கின் நிலையைச் சொல்லும் எல்எஸ்க்யூஎத் கட்டளை 'அப் (லேன் ஆன்லைன்)', லேயர்2 மதிப்பு 1 (ஈதர்நெட் முறை) என்று காட்டுகிறது. ஆனாலும் கேட்வே 10.20.30.1-க்குப் பிங் போகவில்லை. பக்கத்திலேயே இருக்கும் லின்03-க்கும் (10.20.30.43) போகவில்லை. இரண்டுக்கும் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'. ஐபி நெய்பர் பட்டியலில் இரண்டும் 'ஃபெயில்ட்'.

ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தாயிற்று. லினக்ஸை இரண்டு முறை ரீபூட் செய்தாயிற்று. நெட்வொர்க் ஆட்களைக் கேட்டால், "விலேன் 130-இல் அந்த மேக் முகவரியையே காணோம், கோளாறு உங்கள் பக்கம்" என்கிறார்கள். (விலேன் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க், மேக் என்பது நிக்கின் அடையாள முகவரி.) வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் ஓஎஸ்ஏ கார்டையே ஆஃப்லைன் ஆக்கி மறுபடி எடுக்க வேண்டுமா? அதற்கு மற்ற ஆறையும் நிறுத்த அனுமதி வாங்க வேண்டும்.

(3270 என்ற மெயின்பிரேம் கன்சோல் திரையைப் பார்த்துக் கையால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சேனல்பாதை

விஸ்விட்ச் கன்ட்ரோலர் மாட்டிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோலர் மெஷினான டிடிசிவிஎஸ்டபிள்யூ1-ஐ ஃபோர்ஸ் செய்து (நிறுத்தி) எக்ஸ்ஆட்டோலாக் கொடுத்து (மறுபடி தொடங்கி)ப் பாருங்கள். ஓஎஸ்ஏவைத் தொட வேண்டியதில்லை.

திரை3270

அதுவும் வேண்டாம், ஓஎஸ்ஏவும் வேண்டாம். கையில் இருக்கும் தகவலே அவை இரண்டையும் தள்ளிவிடுகிறது.

லின்07-இலிருந்து லின்03-க்குப் பிங் போகவில்லை என்கிறீர்கள். ஒரே விஸ்விட்சில் இருக்கும் இரண்டு கெஸ்ட்கள் பேசிக்கொள்ள ஓஎஸ்ஏ கார்டே தேவையில்லை. அந்தப் பாக்கெட்டை மெமரியிலேயே ஒருவரிடமிருந்து வாங்கி மற்றவரிடம் கொடுப்பது சிபி, அதாவது இசட்/விஎம்மின் மையப் பகுதி. கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் அந்தப் பிங் போக வேண்டும். கன்ட்ரோலர் மெஷினின் வேலை ஓஎஸ்ஏ சாதனத்தைத் தொடங்குவதும் கவனிப்பதும்தான், கெஸ்ட்களின் டேட்டா அதன் வழியாகப் போவதில்லை. ஆகவே கோளாறு லின்07-இன் நிக்கிலும் அது விஸ்விட்சில் செருகியிருக்கும் இடத்திலும்தான் இருக்கிறது. யார் எந்த நெட்வொர்க் புகாரைக் கொண்டு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பக்கத்துக் கெஸ்ட்டுக்குப் பிங் போகிறதா? போனால் வெளியே பாருங்கள், போகாவிட்டால் உள்ளே பாருங்கள்.

இன்னொன்று. லினக்ஸுக்குள் ரீபூட் அடிப்பதால் விர்ச்சுவல் மெஷின் லாக்ஆஃப் ஆகாது. நிக் அப்படியே இருக்கும், கப்பிள் (நிக்கை விஸ்விட்சில் செருகிய இணைப்பு) அப்படியே இருக்கும். டைரக்டரியில் எதையாவது மாற்றியிருந்தால் லாக்ஆஃப் செய்து மறுபடி லாக்ஆன் ஆகும்வரை அது வேலைக்கு வராது. இரண்டு ரீபூட்டிலும் ஒன்றும் மாறாததில் வியப்பில்லை.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும்:

1. லின்07 கன்சோலில்: #சிபி கொயரி நிக் 0600 டீட்டெயில்ஸ்
2. மெயின்ட் என்ற நிர்வாக ஐடியிலிருந்து: கொயரி விஸ்விட்ச் புரொட்1 ஆக்சஸ்லிஸ்ட் (இதற்கு பி கிளாஸ் அதிகாரம் வேண்டும்)
3. லின்07-இல் டிமெசேஜ் (கெர்னல் செய்திகள்) வெளியீட்டில் க்யூஎத் (நிக்கின் டிரைவர்) என்று வரும் வரிகள், கூடவே அந்த இடைமுகத்தின் அமைப்புகள் உள்ள ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈஎன்சி600 ஃபைல் முழுவதும்

லின்03-இல் எஸ்எஸ்ஹெச் இருப்பதால் அங்கே விஎம்சிபி (லினக்ஸிலிருந்தே சிபி கட்டளை அனுப்புவது) மூலமே கேட்கலாம். வெளியீடு 8 கேபிக்கு மேல் போனால் வெட்டிவிடும், பஃபர் அளவைக் கூட்டிக் கொடுங்கள்.

குளோன்07

நன்றி. முதலாவது, முக்கியமான வரிகள் மட்டும்:

அடாப்டர் 0600.பி00, டைப் க்யூடியோ, டிவைசஸ் 3
மேக் 02-00-00-00-00-21, விஸ்விட்ச் சிஸ்டம் புரொட்1
ஆர்எக்ஸ் பாக்கெட்ஸ் 0, டிஎக்ஸ் பாக்கெட்ஸ் 64
கனெக்ஷன் நேம் ஹல்லோலே, ஸ்டேட் செஷன் எஸ்டாப்ளிஷ்ட்
விலேன் 0001

(ஹல்லோலே என்பது என்ன? வைரஸ் எதுவும் இல்லையே!)

இரண்டாவது: லின்01 முதல் லின்06 வரை எல்லாம் ஆக்சஸ் போர்ட் (ஒரே விலேனுக்கான போர்ட்), விலேன் 0130. லின்07 ஆக்சஸ் போர்ட், விலேன் 0001.

மூன்றாவது, டிமெசேஜில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது:

க்யூஎத் 0.0.0600: மேக் அட்ரஸ் 02:00:00:00:00:13 ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்

ஃபைலில் இருப்பவை: டிவைஸ்=ஈஎன்சி600, பூட்ப்ரோட்டோ=நன், ஐபிஏடிடிஆர்=10.20.30.47, ப்ரிஃபிக்ஸ்=24, கேட்வே=10.20.30.1, சப்சேனல்ஸ்=0.0.0600,0.0.0601,0.0.0602, நெட்டைப்=க்யூஎத், ஆப்ஷன்ஸ் "லேயர்2=1 போர்ட்நோ=0", மேக்ஏடிடிஆர்=02:00:00:00:00:13.

திரை3270

இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

முதலில் ஐபி ஏறாதது. ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 13-இல் முடியும் மேக் முகவரி லின்03-உடையது, டிஸ்க்கோடு சேர்ந்து நகலாகி வந்திருக்கிறது. நெட்வொர்க் மேனேஜர் அதை நிக்கில் போடப் பார்க்கிறது. லின்03 அதே விஸ்விட்சில் உயிரோடு இருப்பதால் விஸ்விட்ச் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கிறது. மேக் மாறாததால் நெட்வொர்க் மேனேஜர் கனெக்ஷனையே கைவிடுகிறது. 21-இல் முடிவதுதான் இசட்/விஎம் லின்07-க்குக் கொடுத்தது. நீங்கள் கையால் ஐபி போட்டபோது அந்தச் சரியான மேக்தான் இருந்தது. ஆக, கையால் போட்ட பிறகும் பிங் போகாததற்கு இது காரணமில்லை.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். லின்03 முன்னால் ஏறியிருந்ததால்தான் லின்07 அடிபட்டது. அடுத்த ஐபிஎல்லில் (இசட்/விஎம்மை மறுபடி ஏற்றும்போது) லின்07 முந்திக்கொண்டால் அடிபடுவது லின்03, அதாவது புரொடக்‌ஷன். காரணமே தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகையால் இன்றே அந்த வரியை எடுங்கள்.

எடுப்பதற்கு 3270 கன்சோலில் விஐ திறக்க முயலாதீர்கள், அது வரிவரியாக ஓடும் கன்சோல். எஸ்ஈடி கட்டளையால் அந்த வரியை நீக்குங்கள்:

எஸ்ஈடி -ஐ /மேக்ஏடிடிஆர்/டி ஃபைல்பெயர்

மேற்கோள்குறி போடவில்லை, கவனித்தீர்களா? கன்சோலில் இரட்டை மேற்கோள்குறி சிபிக்கு எஸ்கேப் எழுத்து. # வரிமுடிவு, @ முந்தைய எழுத்தை அழிப்பது. நீங்கள் தட்டியதை லினக்ஸ் பார்ப்பதற்கு முன்பே சிபி தின்றுவிடும். நீளமாகத் தட்ட வேண்டியிருந்தால் முதலில் #சிபி டெர்மினல் எஸ்கேப் ஆஃப், பிறகு சார்டெல் ஆஃப் கொடுங்கள். லைன்எண்டை மட்டும் விட்டுவையுங்கள், அது போனால் #சிபி கட்டளையே அடிக்க முடியாது. திரையின் வலக்கோடியில் 'ஹோல்டிங்' என்று வந்து நின்றால் கெஸ்ட் தொங்கிவிட்டது என்று பதற வேண்டாம், கிளியர் விசையை அழுத்துங்கள்.

அடுத்து, பிங் போகாதது. ஆக்சஸ்லிஸ்ட்டைப் பார்த்தாலே தெரிகிறது. மற்ற ஆறும் 130, லின்07 மட்டும் 1. நீங்கள் கொடுத்த கிராண்ட்டில் விலேன் எண் இல்லை. எண் இல்லாவிட்டால் விஸ்விட்சை உருவாக்கியபோது கொடுத்த டிஃபால்ட் எண் ஒட்டிக்கொள்ளும், உங்களிடம் அது 1. பிழைச்செய்தி எதுவும் வராது, கப்பிள் ஆகும், லிங்க் அப் ஆகும், எல்லாம் பச்சை. ஏஆர்பி கேள்வி (இந்த ஐபியின் மேக் எது என்று கேட்பது) மட்டும் யாருமில்லாத விலேன் 1-இல் போய்க் கத்திவிட்டுத் திரும்பும். டிஎக்ஸ் (அனுப்பியது) 64, ஆர்எக்ஸ் (வந்தது) 0 என்பதன் பொருள் அதுதான். உங்கள் நெட்வொர்க் ஆட்கள் "130-இல் காணோம்" என்று சொன்னதும் உண்மைதான். விலேன் 1-இல் தேடியிருந்தால் ஒருவேளை கண்டிருப்பார்கள்.

மெயின்ட்டிலிருந்து:

செட் விஸ்விட்ச் புரொட்1 ரிவோக் லின்07
செட் விஸ்விட்ச் புரொட்1 கிராண்ட் லின்07 விலேன் 130

பிறகு லின்07 கன்சோலில்:

#சிபி கப்பிள் 0600 டு சிஸ்டம் புரொட்1

ஏற்கெனவே செருகியிருக்கும் நிக்குக்கு மேலேயே இன்னொரு கிராண்ட் அடித்துவிட்டு மாறியதா என்று காத்திருக்காதீர்கள். ரிவோக், கிராண்ட், கப்பிள் என்ற இந்த வரிசையில் போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. கொயரி நிக்கில் விலேன் 0130 என்று வந்த பிறகு லினக்ஸை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், மேக் விஷயமும் சேர்ந்து சுத்தமாகிவிடும்.

ஹல்லோலே வைரஸ் இல்லை! லினக்ஸின் க்யூஎத் டிரைவர் அடாப்டரோடு பேச்சைத் தொடங்கும்போது அனுப்பும் பெயர். மெயின்பிரேம் லினக்ஸ் வேலை நடந்துவந்த ஐபிஎம் ஆய்வகம் ஜெர்மனியின் போப்லிங்கனில் இருந்தது. அந்த ஸ்வாபியப் பகுதியில் 'ஹலோ'வைச் செல்லமாக அப்படிச் சொல்வார்கள். அது திரையில் தெரிந்தால் டிரைவர் தன் பங்கைச் செய்துவிட்டது என்று பொருள்.

ட்ரங்க்போர்ட்

மேலே சொன்னது சரி. நிரந்தரமாக்குவதை விட்டுவிட்டார், அதை நான் சேர்க்கிறேன். செட் விஸ்விட்ச் மூலம் கொடுத்தது அடுத்த இசட்/விஎம் ஐபிஎல்வரைதான் நிற்கும். இரண்டு வழி உண்டு. பழைய வழி, சிஸ்டம் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி:

மாடிஃபை விஸ்விட்ச் புரொட்1 கிராண்ட் லின்07 விலேன் 130

எழுதியதும் சிபிசின்டாக்ஸ் ஓட்டிச் சரிபார்க்காமல் விடாதீர்கள். அந்த ஃபைலில் ஒரு பிழை இருந்தால் அது ஐபிஎல்லின்போதுதான், பெரும்பாலும் நடுராத்திரியில், தெரியவரும்.

7 வரிசை இசட்/விஎம்மில் எனக்குப் பிடித்தது மற்றது, டைரக்டரியிலேயே முடித்துவிடுவது:

நிக்டெஃப் 0600 டைப் க்யூடியோ லேன் சிஸ்டம் புரொட்1
நிக்டெஃப் 0600 போர்ட்டைப் ஆக்சஸ் விலேன் 130

இதற்குத் தனி கிராண்ட் வேண்டாம். கெஸ்ட்டின் நெட்வொர்க் விவரம் முழுவதும் அதன் டைரக்டரிப் பதிவிலேயே இருக்கும், அடுத்த ஆள் தேடி அலைய மாட்டார். ஆனால் ஒரு கெஸ்ட்டுக்கு இரண்டு இடத்திலும் எழுதி வைக்காதீர்கள்.

மேக் முகவரி நிலையாக வேண்டும் என்பதற்காகத்தான் யாரோ அந்த மேக்ஏடிடிஆர் வரியை லின்03-இல் போட்டிருப்பார்கள். தானாகக் கொடுக்கும் எண் லாக்ஆன் வரிசைப்படி மாறக்கூடியது என்பதால் அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடம் லினக்ஸ் அல்ல. நிக்டெஃப்பில் மேக்ஐடி 000047 என்று கொடுங்கள், முன்னால் வரும் மூன்று பைட்டை விஎம்லேன் யூசர்ப்ரிஃபிக்ஸ் கொடுக்கும். டிஸ்கை எத்தனை நகல் எடுத்தாலும் மேக் கூடவே போகாது. இன்னொரு எல்பாரிலும் இசட்/விஎம் ஓடுகிறதா? இரண்டிலும் கொயரி விஎம்லேன் அடித்து மேக்ப்ரிஃபிக்ஸ் வேறுவேறாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் டிஃபால்ட் 020000-இலேயே இருந்தால் ஒரே மேக் இரண்டு மெஷினிலும் பிறக்கும். அப்போது விஸ்விட்ச் 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்று சொல்லாது, ஏனென்றால் அடுத்த எல்பாரின் விஸ்விட்ச் இதற்குத் தெரியாது. இணைப்பு விட்டுவிட்டு வந்துபோகும், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது பெரும்பாடு.

விலேனில் வழக்கமாக நடக்கும் தப்புகள் இன்னும் இரண்டு. ஆக்சஸ் போர்ட்டில் இருக்கும் கெஸ்ட்டுக்குள் போய் ஈஎன்சி600.130 என்று விலேன் இன்டர்ஃபேஸ் உருவாக்குவது ஒன்று. ஆக்சஸ் போர்ட்டில் டேக் (பாக்கெட்டில் விலேன் எண் குறிப்பது) போடுவது விஸ்விட்சின் வேலை, கெஸ்ட் டேக் போட்டு அனுப்பினால் கழித்துவிடும். கெஸ்ட்டே டேக் போட வேண்டுமானால் போர்ட்டைப் ட்ரங்க் (பல விலேன் போகும் போர்ட்) கொடுங்கள். மற்றது வெளியே. விஸ்விட்ச் 130 என்று டேக் போட்டு ஓஎஸ்ஏ வழியாக அனுப்பும்போது, எதிர்முனை ஸ்விட்ச் போர்ட் ட்ரங்க்காக இருந்து 130-ஐ அனுமதிக்க வேண்டும். அது ஆக்சஸ் போர்ட்டாக இருந்தால் கெஸ்ட்கள் தங்களுக்குள் நன்றாகப் பேசும், கேட்வேக்கு மட்டும் போகாது. மேலே சொன்ன உள்ளே-வெளியே சோதனையில் இது உடனே பிடிபடும். மாற்று ஓஎஸ்ஏ வைத்திருப்பவர்கள் இரண்டு போர்ட்டையும் பார்க்க வேண்டும். முதல் கார்டு ஓடும்வரை இரண்டாவதின் தப்பு வெளியே வராது.

குளோன்07

வந்துவிட்டது. ரிவோக், கிராண்ட், கப்பிள் முடித்ததும் கன்சோலில் 'நிக் 0600 இஸ் கனெக்டட்' என்று வந்தது, கையால் போட்ட ஐபியோடு உடனே பிங் போனது. மேக்ஏடிடிஆர் வரியை எடுத்து ரீபூட் செய்ததும் ஐபி தானாகவே ஏறியது. இப்போது விலேன் 0130, ஆர்எக்ஸ் எண் ஏறிக்கொண்டிருக்கிறது. லின்03 ஃபைலிலும் அந்த வரியை எடுத்துவிட்டு மேக்ஐடிக்கு மாற்ற வேண்டும், ஞாயிறு பராமரிப்பு விண்டோவில் லாக்ஆஃப் லாக்ஆன் செய்துவிடுகிறேன். கொயரி விஎம்லேனில் மேக்ப்ரிஃபிக்ஸ் 020000. பக்கத்து எல்பாரிலும் அதேதான். அதையும் அன்றே பார்க்கிறேன்.

பழையடிஸ்க்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் டெஸ்ட் எல்பாரில் ஒரு நகல் கெஸ்ட்டில் சாதனம் ஆன்லைனே வரவில்லை. டிமெசேஜில் 'தி டிவைஸ் டஸ் நாட் சப்போர்ட் தி கான்ஃபிகர்ட் டிரான்ஸ்போர்ட் மோட்'. கப்பிள் சரியாக இருக்கிறது.

திரை3270

லேயர் பொருந்தவில்லை. கொயரி விஸ்விட்ச்சில் 'ஈதர்நெட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது ஐபி வகை, அதாவது லேயர் 3. உங்கள் நகல் லேயர்2=1 என்ற ஆப்ஷனோடு ஈதர்நெட் விஸ்விட்சிலிருந்து வந்திருக்கும். புதிய கெர்னல்கள் இசட்/விஎம்மைக் கேட்டுத் தாங்களாகவே சரியான லேயரை எடுத்துக்கொள்ளும், ஆனால் பழைய கெர்னலில் ஃபைலில் எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பு.

அவசரத்துக்கு லேயர்2=0 என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். சாதனம் ஆன்லைனில் இருக்கும்போது இந்த மதிப்பை மாற்ற விடாது. ஆனால் லேயர் 3-இல் எல்லாக் கெஸ்ட்டும் ஓஎஸ்ஏவின் ஒரே மேக்கோடு வெளியே தெரியும், ஐபி முகவரிகளை ஓஎஸ்ஏவில் பதிவு செய்துதான் யார் யார் என்று பிரிக்கும். தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சிரமம் தரும். பாக்கெட்டுகளைப் பார்க்கும் டிசிபிடம்ப்பில் ஈதர்நெட் தலைப்பு வராமல் குழப்பும். ஆகையால் தனி ஓஎஸ்ஏ முகவரிகள் மூன்றை ஒதுக்கி ஈதர்நெட் என்று சொல்லிப் புதிய விஸ்விட்ச் ஒன்றை உருவாக்கி, கெஸ்ட்களை ஒவ்வொன்றாக அங்கே மாற்றுவதே என் யோசனை. காலி முகவரிகள் கொயரி ஓஎஸ்ஏ ஃப்ரீயில் கிடைக்கும்.

பழையடிஸ்க்

ஐபி வகையேதான். லேயர்2=0 போட்டதும் ஆன்லைன் வந்தது. கொயரி ஓஎஸ்ஏ ஃப்ரீயில் இரண்டு முகவரிதான் காலி, மூன்றாவதை டிசிபிஐபி மெஷின் பிடித்து வைத்திருக்கிறது.

திரை3270

விஸ்விட்சுக்குக் கொடுக்கும் மூன்று முகவரியும் அடுத்தடுத்த எண்களாக இருக்க வேண்டும். அந்த இரண்டு காலி முகவரி அப்படி அமையாவிட்டால் டிசிபிஐபியை நகர்த்தியும் பயனில்லை. ஐஓசிடிஎஸ் (மெயின்பிரேமின் சாதன அமைப்புப் பட்டியல்) பார்ப்பவரிடம் அதே சிப்பிட்டில் (ஓஎஸ்ஏவின் சேனல் பாதை) இன்னும் சில முகவரி சேர்க்கச் சொல்லுங்கள்.